தானாக நகர்ந்த சீட்

ஓசூர்
2.2.2025

தங்கச்சி செல்விக்கு, மருது எழுதுவது.

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. ஒரு பக்கமாவது படி. போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். இங்கே நான் வேலை பார்க்கும் குடோன் சூப்பர்வைசர் போனை வாங்கிக் கூப்பிட்டேன், "செல்வி" என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாய். அம்மாவிடமாவது பேசலாம் என்றால், "எனக்கு அப்படி ஒரு பிள்ளை கிடையாது, ராங் நம்பர்" என்கிறாள். சொந்த அம்மாவுக்கே ராங் நம்பராகிப் போனேன். அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு இம்புட்டு நான் எழுதியதே இல்லை.

மாப்ள முகேஷுக்குச் செயற்கைக் கால் பொருத்தியாயிற்று என்று கேள்விப்பட்டேன். நடக்கிறானா? பூ மார்க்கெட்டுக்குப் போகிறானா? இதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்பாய். ஆனாலும் கேட்கிறேன்.

அன்றைக்கு நடந்ததை நீ ஒரு தடவைகூட என்னை முழுதாகச் சொல்ல விடவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், "குடிகாரப் பய என் புருஷன் காலை எடுத்துட்டான்" என்று கத்தினாய். அதோடு முடிந்தது. இப்போது சொல்கிறேன். திண்டுக்கல்லில் கல்யாண சவாரியை இறக்கிவிட்டு வாடிப்பட்டி வீட்டுக்கு வந்தேன். பின் சீட்டில் மாப்பிள்ளைத் தோழன் ஒருத்தன் பாட்டிலைக் கவிழ்த்திருந்தான். அதைத் துடைத்த துண்டுதான் என் தோளில் கிடந்தது. நீ மோந்து பார்த்தது அதைத்தான். உன் அண்ணி ஜெயக்கொடி என்னை விட்டுப் போன அன்றைக்கு விட்ட குடியை நான் திரும்பத் தொடவில்லை.

ஷெட்டுக்குள் வண்டியை ஏற்றினேன். சறுக்கல் தரை. மாப்ள சுவர் ஓரம் நின்று, "வாங்க மச்சான், வாங்க, போதும்" என்று கை காட்டினான். நான் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். அப்போது நான் உட்கார்ந்திருந்த கரண்ட் சீட் பின்னால் போனது செல்வி. நான் ஒரு பொத்தானையும் தொடவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு அது பாட்டுக்குப் பின்னால் போகிறது. எனக்குத்தான் குட்டைக் கால். பிரேக்கை விட்டுப் பாதம் நழுவியது. எட்டி மிதித்தேன். மிதித்தது ஆக்ஸிலேட்டரை.

அதற்குமேல் எழுத முடியவில்லை.

வண்டி இன்னும் அந்த ஷெட்டில்தான் நிற்கிறது. சாவி அம்மாவிடம். அவனியாபுரத்தில் வண்டி கரண்ட் வேலை என்றால் உன் பெயரைத்தான் சொல்வார்கள். ஒரு தடவை அந்தச் சீட்டைச் சோதித்துப் பார். ஒன்றும் இல்லை என்றால் அதையே எழுது. உன் வாயால் வந்தால் நம்புகிறேன்.

மருது


அவனியாபுரம்
9.2.2025

மருதுவுக்கு,

அண்ணே என்று எழுத எனக்குக் கை வரவில்லை, எதிர்பார்க்காதே.

சீட் தானாகப் போனதாம். யாரிடம் கதை விடுகிறாய்? ஐ.டி.ஐ. முடித்த நாளிலிருந்து நான் வண்டிக்கு அடியிலும் டேஷ்போர்டுக்கு உள்ளேயும்தான் கிடக்கிறேன். ஹாரன் தானாக அடித்துப் பார்த்திருக்கிறேன், வைப்பர் வெயிலில் ஓடிப் பார்த்திருக்கிறேன். சீட் ஓடுமா? கரண்ட் சீட்டில் ஷார்ட் ஆனால் பியூஸ் போகும், சீட் அசையாமல் நின்றுவிடும். என்னிடம் வந்த அத்தனை சீட்டும் நகரவில்லை என்றுதான் வந்தது. நகர்ந்துவிட்டது என்று ஒருத்தனும் வந்ததில்லை.

அன்றைக்கு ஷெட்டுக்குள் ஓடி வந்தபோது சீட் எங்கே இருந்தது தெரியுமா? கடைசி வரைக்கும் பின்னால். காலை நீட்டிப் படுப்பதற்குத் தோதாக. குடித்த மப்பில் படுக்க இடம் பண்ணியிருக்கிறாய், அதுவும் வண்டி ஓடும்போதே. என் மூக்கு பொய் சொல்லாது.

முகேஷ் நடக்கிறானா என்று கேட்டாயே. நடக்கிறார். வாசல் வரைக்கும். ராத்திரி இல்லாத காலில் அரிக்கிறது என்கிறார். "பெருவிரல் சந்துல செல்வி, கொஞ்சம் சொறிஞ்சு விடு" என்கிறார். எங்கே சொறிவது? சொல்லு. நான் போர்வையைச் சொறிகிறேன். அதற்கே, "ஆங், இப்பச் சரியாயிருச்சு" என்று தூங்கிவிடுகிறார். மார்க்கெட்டில் பூ மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய மனுஷன். அம்மாதான் இங்கேயே வந்து தங்கி, அவருக்கு வெட்டி மிஞ்சிய காலைக் கழுவி, துடைத்து, பவுடர் போட்டு, சாக்ஸ் மாட்டி விடுகிறாள். மருமகனுக்கு மாமியார் காலைக் கழுவிப் பார்த்திருக்கிறாயா? உன்னால் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் வாடிப்பட்டிக்குப் போக மாட்டேன். அந்த வண்டி முகத்தில் முழிக்க மாட்டேன்.

13.2.2025

மேலே எழுதியதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இன்றைக்குப் போய்விட்டு வந்தேன். உனக்காகப் போகவில்லை. இந்தப் பொய்யை நீ இன்னொரு தடவை சொல்லக் கூடாது, அதற்காகப் போனேன்.

வண்டியில் பேட்டரி செத்துக் கிடந்தது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினேன். சீட் பியூஸ் நல்லா இருக்கிறது. சீட்டுக்கு அடியில் வயர்கள் சேரும் கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தேன், வர வேண்டிய கரண்ட் வருகிறது. எர்த் சுத்தமாக இருக்கிறது. பொத்தான்களைத் தனியாக எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை. முன்னால் போகச் சொன்னால் போகிறது, பின்னால் வரச் சொன்னால் வருகிறது. விட்டால் நிற்கிறது. இன்ஜினை ஓடவிட்டு, கதவைப் படார் படார் என்று சாத்தி, வயரைப் பிடித்து ஆட்டி, சீட்டைக் குத்தி, எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் நானே ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். மத்தியானம் பூராவும் அது ஒரு நூல் அசையவில்லை.

வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. ஓட்டியவனிடம்தான் கோளாறு. என் வாயால் வந்தால் நம்புவேன் என்றாயே, வந்துவிட்டது. இனி எழுதாதே.

பாண்டிச்செல்வி


ஓசூர்
19.2.2025

செல்விக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், இதோடு விட்டுவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று சோறு இறங்கவில்லை. கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அப்படியே இருந்துவிட்டேன். இங்கே நான் வாட்ச்மேன் என்பது உனக்குத் தெரியுமா? டிரைவர் வேலைதான் தருவதாக இருந்தார்கள். வேனில் ஏறி உட்கார்ந்தேன், சாவியைத் திருப்ப முடியவில்லை. கீழே இறங்கி வாந்தி எடுத்தேன். கேட்டைத் திறந்து மூடுகிற வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நீ சோதித்தால் தப்பு வராது. அது எனக்குத் தெரியும். அப்படியானால் நான்தான் பொய் சொல்கிறேன். செல்வி, நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன் போல. நாற்காலியில் உட்கார்ந்து இடது கையைக் கீழே விடுகிறேன், வலது கையை விடுகிறேன், பொத்தான் எந்தப் பக்கம் இருந்தது என்று தேடுகிறேன். முதலில் கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. இப்போது நினைத்தால் விரல் பொத்தானில் இருந்த மாதிரியே தோன்றுகிறது. நேற்று கனவில் நானே அமுக்கினேன். சிரித்துக்கொண்டே அமுக்கினேன். பயந்து எழுந்துவிட்டேன்.

ஒருவேளை குடித்திருப்பேனோ? குடித்ததுகூட மறந்துபோகும் அளவுக்குக் குடித்திருப்பேனோ? அத்தனை பேரும் சொல்கிறீர்கள், நான் ஒருத்தன் மட்டும் எப்படிச் சரியாக இருப்பேன்?

அம்மாவிடம் சொல்லிவிடு, மருது ஒத்துக்கொண்டான் என்று. மாப்ளயிடமும் சொல். அவன் காலில் விழ வேண்டும், ஆனால் எந்தக் காலில் விழுவது?

நீ அந்தச் சீட்டில் உட்கார்ந்தாய் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் ஒரு நிமிடம் சிரிப்பு வந்தது. நீ உட்கார்ந்தால் அதற்கு ஆள் ஏறியதே தெரிந்திருக்காது, கோழி றெக்கை விழுந்த மாதிரி இருந்திருக்கும். நான் உட்காரும்போதெல்லாம் அந்தச் சீட் தரை வரைக்கும் அமுங்கி முனகும். "மச்சான், சீட்டு உங்களைத் தாங்காம அழுகுது, கேளுங்க" என்பான் மாப்ள.

அவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

மருது


அவனியாபுரம்
24.2.2025

அண்ணே,

அண்ணே, அண்ணே. எத்தனை தடவை எழுதினாலும் போதாது.

 உன் கடிதத்தைக் கடுப்போடுதான் படித்தேன். ஒத்துக்கொண்டான் பார் என்று முகேஷிடம் சொல்லப் போனேன். போகிற வழியில் அந்தக் கடைசிப் பாரா மண்டையில் தட்டியது. சீட் அமுங்கும் என்று எழுதியிருந்தாய். நான் சோதித்தது காலிச் சீட்டை. அப்புறம் என்னை உட்கார வைத்துச் சோதித்தேன். உன் கனத்துக்கு அது எங்கே இறங்கும் என்று நான் பார்க்கவே இல்லை. சீட்டைக் கழற்றவும் இல்லை. நான்கு போல்ட்டு அண்ணே, நான்கு போல்ட்டைக் கழற்றச் சோம்பல். உன்னைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு அம்புட்டு அவசரம்.

இன்றைக்குக் காலையில் வாடிப்பட்டிக்கு ஓடினேன். பக்கத்து டீக்கடை சோலை அண்ணனை உனக்குத் தெரியும், உன்னைவிடக் கொஞ்சம் கனம் கூடத்தான் இருப்பார். சீட்டை முன்னால் கொண்டுவந்து அவரை உட்கார வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. "ஏத்தா, கடையில பால் பொங்குது, விடுறியா?" என்றார். "அண்ணே, பிரேக்கை நல்லா ஊனி மிதிங்க" என்றேன். மிதித்தார். முதுகு பின்னால் அழுந்தியது, இடுப்பு கீழே இறங்கியது.

சீட் போனது அண்ணே.

மெதுவாக, உர்ர்ரென்று, அவரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது. அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "ஆத்தாடி, நான் எதையும் தொடலத்தா! தானாப் போகுது! நிறுத்து, நிறுத்து!" என்று அலறினார். நீ அன்றைக்கு ஷெட்டில் அலறியதும் இதே சொல்தான்.  மீட்டர் கையிலிருந்து விழுந்து கண்ணாடி போய்விட்டது.

சோலை அண்ணன் கடைக்கு ஓடிவிட்டார். நான் சீட்டைக் கழற்றிக் கவிழ்த்தேன்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இந்த வண்டியில் பொத்தான் நேராக மோட்டாரை ஓட்டாது. சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது, அதுதான் ஓட்டும். பொத்தானை அமுக்கினால் ஒல்லியாக ஒரு வயர் எர்த்தைத் தொடும். உடனே பெட்டி, பின்னால் போகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். தொட வைத்தது விரலா வேறு எதுவுமா என்று அதற்குத் தெரியாது. கனமான கரண்ட் அதில் ஓடாது, அதனால் பியூஸும் போகாது. நான் பியூஸை வைத்தே தீர்ப்புச் சொன்னேன்.

தொட வைத்தது ஒரு தகடு. செம்புத் தகடு. மெத்தைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் செருகி வைத்திருந்தது. கட்டம் போட்டு எழுத்து வெட்டி, நடுவில் உன் பெயர். கோயிலில் மந்திரித்துக் கொடுப்பார்களே, அது. சுற்றியிருந்த துணி தேய்ந்து கிழிந்துவிட்டது. கனமான ஆள் உட்கார உட்கார, தகட்டின் ஓரம் அந்த ஒல்லி வயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. அன்றைக்கு நீ பிரேக்கை ஊன்றியபோது அதன் ஒரு முனை வயரில், மறுமுனை இரும்பில்.

துணியை விரித்துப் பார்த்தேன். மஞ்சள் துணி, பச்சைக் கரை. அம்மாவின் சேலை.

நீ வைத்திருக்க மாட்டாய். வண்டி எடுத்த அன்று அம்மா கட்டிய எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி ஜூஸ் போட்டுக் குடித்தவன் நீ. "இவன்கிட்டச் சொன்னாத் தூக்கி எறிஞ்சிருவான்" என்று அவளே கம்மாய்க்கரை முனியாண்டி கோயிலில் வாங்கி, உனக்குத் தெரியாமல் செருகியிருக்கிறாள். தன் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று செருகியிருக்கிறாள். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மரத்துப்போய் இருக்கிறேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிடப் போகிறேன். ஆஸ்பத்திரியில் கத்தின அதே வாயால் சொல்வேன், என் அண்ணன் குடிக்கவில்லை, அவன் மேல் தப்பில்லை என்று. தகட்டையும் காட்டுவேன். நீ வா. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் அதுவரைக்கும் கூப்பிடாதே, வீடு இம்புட்டுத்தான், அம்மா காதில் விழும்.

என்னை அடிக்க வேண்டும் போல இருந்தால் வந்து அடி.

செல்வி


ஓசூர்
28.2.2025

செல்விக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்ததும் சிரித்தேன். பைத்தியக்காரன் மாதிரி கேட்டுக்கு நடுவில் நின்று சிரித்தேன். லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான், அவனையும் பார்த்துச் சிரித்தேன். நான் அமுக்கவில்லை. என் கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. இதைத் தெரிந்துகொள்ள நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

மூன்றாவது தடவை படித்தபோதுதான் உறைத்தது. அம்மா.

நீ அந்தத் தகட்டைக் காட்டினால் அம்மா செத்துப்போவாள். சும்மா சொல்லவில்லை. தினமும் அந்தக் காலைக் கழுவுகிறவள் அவள். தான் செருகிய தகடுதான் அதை எடுத்தது என்று தெரிந்தால் அடுத்த நாள் எந்தக் கையால் கழுவுவாள்? மாப்ள நல்லவன்தான். ஆனாலும் மாமியார் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வராதா?

அதனால் இப்படிச் செய். எல்லாரையும் கூப்பிடாதே. மாப்ளயிடம் மட்டும் சொல். தகடு வைத்தது மருது என்று சொல். ஓசூரிலிருந்து எழுதி ஒத்துக்கொண்டான் என்று சொல். வெளியே நாத்திகம் பேசினாலும் புது வண்டி என்று உள்ளுக்குள் பயந்து வைத்தானாம் என்று சொல், நம்புவார்கள். என் மேல் ஏற்கெனவே எல்லாருக்கும் கோபம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், எனக்குப் பழகிவிட்டது. நான் குடிக்கவில்லை என்று நீ தெரிந்துகொண்டாய், அது எனக்குப் போதும்.

அந்தத் துணியை எரித்துவிடு. அம்மா கண்ணில் படக் கூடாது.

மறுக்காதே. அண்ணன் சொல்கிறேன்.

மருது


அவனியாபுரம்
7.3.2025

அண்ணே,

நீ சொன்னதைச் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

துணியை எரித்துவிட்டேன். முந்தாநாள் சாயங்காலம் முகேஷ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா கீழே உட்கார்ந்து அவருக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் இந்த வீட்டில் அம்மா இல்லாத நேரமே கிடையாது. தகட்டைக் கட்டிலில் வைத்தேன். "அண்ணன் வண்டிக்குள்ள வச்சது. இதுதான் வயர்ல பட்டுச் சீட்டை ஓட்டியிருக்கு. அவன் குடிக்கலங்க. இதை வச்சேன்னு எழுதி ஒத்துக்கிட்டான்" என்றேன்.

முகேஷ் தகட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அவர் முகம் மாறியது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்த்ததில்லை. "மச்சானா வச்சாரு?" என்றார். "கரண்டு ஓடுற எடத்துல, யாருகிட்டயும் சொல்லாமக் கொள்ளாம, செம்பைக் கொண்டுபோயி வச்சாரா? அம்புட்டுப் பேரும் குடிச்சான்னு சொன்னப்பக்கூட நான் வாயத் தொறந்து ஒரு வார்த்தை அவரைச் சொல்லலயே. கை தவறிருச்சுன்னு நெனச்சேன். இது கை தவறுனதா? என் காலு போச்சு செல்வி, ஒரு தகட்டுக்காகப் போச்சு! இனிமே அந்த ஆளு என் வாசப்படி மிதிக்கக் கூடாது." தகட்டைச் சுவரில் எறிந்தார். அந்த மனுஷன் எதையும் எறிந்து நான் பார்த்ததே கிடையாது.

தகடு தெறித்து அம்மா மடிப்பக்கம் வந்து விழுந்தது. நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது அண்ணே, கண்ணைப் பார்த்தேன், தெரிந்துவிட்டது. இப்போது சொல்வாள், ஐயோ நான்தானே வச்சேன் என்று மாரில் அடித்துக்கொள்வாள், நான் ஓடிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தயாராக நின்றேன்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

சாக்ஸை இழுத்துச் சரி பண்ணினாள். செயற்கைக் காலின் பட்டையை மாட்டினாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். முகேஷ் உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறார், அவள் உள்ளே பாத்திரம் விளக்குகிறாள்.

எனக்கு அதிர்ச்சி தகட்டைப் பார்த்தபோது வந்ததைவிட இப்போதுதான். பெற்ற பிள்ளை செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று சொல்கிறான். அதைக் கேட்டுக்கொண்டு ஒரு தாயால் சாக்ஸ் மாட்ட முடியுமா? நேற்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை. சாப்பிடச் சொன்னால், "பசிக்கல" என்கிறாள். நான் உண்மையைச் சொல்லட்டுமா? நீ ஒரு வார்த்தை சொல்லு, இப்போதே முகேஷிடம் போய்ச் சொல்கிறேன். எனக்கு இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது.

செல்வி


ஓசூர்
13.3.2025

செல்விக்கு,

காலையில் போனில், "அம்மாவைக் காணோம் அண்ணே, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு பூராவும் தேடிட்டோம்" என்று நீ கதறியபோது நான், "இங்கேதான் இருக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அவள் எனக்கு எதிரில் நின்று, பேசாதே என்று கையைக் காட்டினாள். இப்போது தூங்குகிறாள். போனில் பேசினால் எழுந்துவிடுவாள், அதனால் எழுதி வைக்கிறேன். இது தபாலுக்குப் போகாது, நாளைக்கு என் கையாலேயே உன்னிடம் கொடுக்கிறேன். நேரில் பார்த்தால் எனக்கு வாய் வராது.

விடிந்ததும் கேட்டைத் திறந்தேன், ஒரு மஞ்சப் பையோடு அவள் நிற்கிறாள். திண்டுக்கல்லைத் தாண்டிப் போகாதவள். என் கடிதத்தின் கவரில் இருந்த விலாசத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு, கண்டக்டரிடமும் டீக்கடையிலும் ஆட்டோக்காரரிடமும் காட்டிக் காட்டி வந்திருக்கிறாள்.  "முகேஷுக்கு ஏதும் ஆயிருச்சாம்மா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள்.

அப்புறம் சொன்னாள். "நான்தான்டா வச்சேன்."

"தெரியும்மா" என்றேன்.

"தெரிஞ்சுமா உம் மேல போட்டுக்கிட்ட?" என்று கையை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை. ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கு மருமகன் தகட்டை எறிஞ்சாரு. நான்னு சொல்ல நாக்கு எந்திரிக்கலடா. பயந்துட்டேன். வீட்டை விட்டு வெரட்டிருவாரோன்னு பயந்துட்டேன். பெத்த பிள்ளையத் திட்டுறதக் கேட்டுக்கிட்டு ஏனம் விளக்குனேன். நானெல்லாம் ஒரு ஆத்தாளா?" என்றாள். செல்வி, நீ அவள் மேல் கோபமாக இருப்பாய். எனக்கும் படித்தபோது கோபம் வந்தது. ஆனால் அவளை அந்தக் கேட்டில் அப்படிப் பார்த்தபிறகு எனக்கு ஒன்றும் இல்லை.

எதுவும் சொல்ல வேண்டாம், இப்படியே விட்டுவிடு, மாப்ள என்னைத் திட்டினால் எனக்கு வலிக்காது என்று எம்புட்டோ சொன்னேன். கேட்கவில்லை. "நாளைக்கு மொத பஸ்ஸுக்கு டிக்கெட் எடு. மருமகன் முன்னாடி நானே சொல்றேன். வெரட்டுனா வாடிப்பட்டிக்குப் போயிக்கிறேன். நீ குறுக்க பேசுனா அங்கயே அறைவேன்" என்றாள். மாப்ள என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு வாரோம்.

இட்லி வாங்கி வந்து கொடுத்தேன். பாதி இட்லியில் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு நீ குடிச்சிருந்தியாடா?"

தகடு கிடைத்து, சீட் ஓடியதை நீயே கண்ணால் பார்த்து, எல்லாம் தெரிந்தபிறகு எதற்கு இந்தக் கேள்வி என்று நீ நினைப்பாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆவணியிலிருந்து இன்றைக்கு வரைக்கும் என்னிடம் அத்தனை பேரும் நீ குடித்தாய் என்று சொன்னீர்கள். குடித்தாயா என்று கேட்டது இவள் ஒருத்திதான்.

"இல்லம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, மீதி இட்லியைப் பிட்டு என் வாயில் வைத்தாள்.

மருது